நுனி மேலே போன இறக்கை

எந்தச் சாமானைக் கையில் வாங்கினாலும் முதலில் கவிழ்த்து அடிப்பக்கம் பார்ப்பேன். கல்யாண வீட்டில் பிளாஸ்டிக் கிண்ணத்தில் பாயசம் கொடுத்தால், குடித்து முடித்ததும் கை தானாக அதைத் திருப்பிவிடும். எந்த இடத்தில் பிளாஸ்டிக் உள்ளே இறங்கியிருக்கிறது, எங்கே பிசிறு சரியாக அறுபடவில்லை, எந்தப் பக்கம் சூடு அதிகமாகி வெளுத்திருக்கிறது என்று கண் தேடும். "பெரியம்மா, அது ஓடியா போகப் போகுது, கீழ வைங்க" என்று என் தங்கை மகள் சிரிப்பாள். வேலையை விட்டு இத்தனை வருடமாகியும் கையும் கண்ணும் சும்மா இருக்க மாட்டேன் என்கின்றன.

சமீபத்தில், நான் கடைசியாக வேலை பார்த்த கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்களிடம் பேசக் கூப்பிட்டார்கள். இப்போது அங்கே சாமான்கள் ஒரு பட்டையில் ஓடி வருகின்றன. மேலே தொங்கும் கேமரா கோளாறானதைக் கண்டுபிடித்து ஓரமாகத் தள்ளிவிடுகிறது. பேசி முடித்ததும் ஒரு பெண் எழுந்தாள். "மேடம், ஒண்ணு சரியில்லன்னு நமக்குத் தெரியுது. மேல இருக்கவங்க பரவாயில்ல, அனுப்புங்குறாங்க. அப்ப என்ன செய்யணும்?"

"அனுப்பக் கூடாது" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். டீ கொடுத்து, சால்வை போர்த்தி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கைதட்டல் வாங்கும் அளவுக்கு அது லேசான பதில் இல்லை. ஒரே ஒரு முறைதான் நான் அப்படி நின்றிருக்கிறேன். அப்போது என்ன நடந்தது என்பதை அந்தப் பெண்ணுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

எனக்கு ஊர் ரெட்டியார்சத்திரம் பக்கம். அப்பா தோட்டத்தில் கனகாம்பரமும் மல்லிகையும் பயிரிட்டிருந்தார். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு மாப்பிள்ளை தேட ஆரம்பித்தார்கள். அமைவது தள்ளிக்கொண்டே போனது. வீட்டில் உட்கார்ந்து பூத் தொடுப்பதற்குப் பதில் ஏதாவது வேலைக்குப் போகிறேன் என்று அடம்பிடித்து, ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு பிளாஸ்டிக் பட்டறையில் சேர்ந்தேன். சீப்பு, சோப்பு டப்பா, குங்குமச் சிமிழ் இவைதான் அங்கே செய்தார்கள். முதலாளி கனி ராவுத்தர். அவருடைய குடும்பத்துக்குத் தோல் வியாபாரம். பிளாஸ்டிக்கை அவர்தான் புதிதாக எடுத்துச் செய்தார். "தோலுக்கு மாட்டைத் தேடி ஊர் ஊராப் போகணும். இதுக்கு மூட்டையைப் பிரிச்சாப் போதும்" என்பார்.

முதலில் பிசிறு அறுக்கும் வேலை. பிறகு எண்ணிக் கட்டும் வேலை. அதற்கப்புறம், சாமானைப் பார்த்துத் தள்ளும் வேலை. அதற்கு அப்போது ஒரு பெயர்கூடக் கிடையாது. நான் தள்ளியது கடையிலிருந்து திரும்பி வருவதில்லை என்று ராவுத்தர் கவனித்துவிட்டு, ஒரு ரப்பர் முத்திரை செய்து என் கையில் கொடுத்தார். "இது இல்லாம ஒரு பெட்டியும் வெளிய போவாது" என்றார். அன்றிலிருந்து நான் செக்கர்.

பட்டறையில் இருந்தது கை மிஷின். மேலே ஒரு வாயில் பிளாஸ்டிக் குருணையைக் கொட்ட வேண்டும். அது சூட்டில் உருகும். நீளமான கைப்பிடியில் உடம்பின் முழுக் கனத்தையும் போட்டு இழுத்தால் உருகியது அச்சுக்குள் இறங்கும். அப்படியே பிடித்து நிற்க வேண்டும். உள்ளே ஆறி இறுகிய பிறகுதான் அச்சைத் திறக்கலாம். அதை ஓட்டியவர் செல்லையா. வேடசந்தூரிலிருந்து சைக்கிளில் வருவார். அதற்கு முன்னால் பூட்டுப் பட்டறையில் இருந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என்னைத் தங்கச்சி மாதிரி அதட்டுவார், அதே மாதிரி விட்டும் கொடுப்பார்.

அறுபத்திரண்டில் வடக்கே மலையில் நடந்த சண்டை முடிந்த பிறகு ராவுத்தருக்குச் சர்க்காரிடமிருந்து வினோதமான ஓர் ஆர்டர் வந்தது. ஊர் ஊராகச் சாதாரண ஜனங்களில் ஆள் எடுத்து, மாடியில் நின்று வானத்தைப் பார்த்து எந்த விமானம் வருகிறது என்று சொல்லப் பழக்குகிறார்களாம். அவர்களுக்குச் சின்ன பிளாஸ்டிக் விமானங்கள் வேண்டும். அவற்றையும் முழுதாகக் கொடுக்கக் கூடாது. துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டுக் கொடுக்க வேண்டும், பயிற்சிக்கு வருகிறவர் அவற்றை ஒட்டிச் சேர்க்க வேண்டும். கேட்டது கொஞ்சம் செட்டுகள்தான். அத்தனை கொஞ்சத்துக்கு எஃகில் அச்சு வெட்டினால் கட்டுப்படியாகாது. அதனால் அலுமினியக் கலவையில், மெத்தென்ற அச்சாக வெட்டினார்கள். அப்படிப்பட்ட அச்சு ஆரம்பத்தில் கூர்மையாக இருக்கும். ஓட ஓட மழுங்கும். எப்போது மழுங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

விமானத்தின் வடிவம் மாறாமல் வருகிறதா என்று பார்க்கத்தான் கந்தசாமி சார் வந்து சேர்ந்தார். நெய்க்காரப்பட்டிக்காரர். விமானப் படையில் பல வருடம் இறக்கை பூட்டும் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியாக, நிமிர்ந்து நிற்பார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் நான்காக மடித்திருப்பார், மடிப்பு ஒரு நாளும் கலைந்து பார்த்ததில்லை. பட்டறையில் யாராக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். பெருக்க வரும் அம்மாவிடமும், "ஏனுங்க, அந்த மூலையிலயும் ஒரு கை பாத்துருங்க" என்பார்.

முதல் நாளே எனக்கும் அவருக்கும் உரசல். வால் துண்டு ஒன்றைப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு சார்" என்று நீட்டினேன். வாங்கவில்லை.

"எதை வெச்சுச் சொல்றீங்க?"

"பாத்துத்தான் சார்."

"பாத்ததுல எதை வெச்சுங்க?"

எரிச்சலாக வந்தது. பிசிறு இல்லை, முழுதாக நிரம்பியிருக்கிறது, அடிப்பக்கம் பள்ளம் விழவில்லை, கருகல் வாடை இல்லை என்று விரல் விட்டுச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க. எனக்குப் பிளாஸ்டிக்கைப் பத்தித் தெரியாதுங்க. அதனாலதான் கேட்டேன். ஆனா இந்த வாலு ஒரு பக்கம் தடிச்சிருக்குது. விமானத்துல அப்படி இருக்காதுங்க" என்றார். எனக்கு விமானத்தைப் பற்றித் தெரியாது. ஆக, ஒவ்வொரு துண்டையும் இருவரும் பார்ப்பது என்றானது.

எங்கள் முறை இது. காலை வெளிச்சத்தில், வடக்கு ஜன்னலோரம்தான் பார்ப்போம். மத்தியானத்துக்கு மேல் வெளிச்சம் மஞ்சளாகிவிடும், பள்ளங்கள் ஒளிந்துகொள்ளும். அச்சிலிருந்து துண்டுகள் எல்லாம் ஒரு காம்பில் கொத்தாகத்தான் வரும். கொத்தை முதலில் முழுதாகத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பேன். மெலிந்த இடம் இருந்தால் வெளிச்சம் கசியும். பிறகு துண்டுகளை அறுத்து, உடம்பின் இரண்டு பாதிகளையும் பசை போடாமல் பொருத்திப் பார்ப்பேன். சேரும் கோட்டில் நகத்தை ஓட்டினால் நகம் எங்கும் தட்டக் கூடாது. விமானி உட்காரும் கூட்டின் மூடி கண்ணாடி மாதிரி இருக்கும். அதைத் தினசரிப் பேப்பர் மேல் வைத்து எழுத்தைப் படிப்பேன். எழுத்து நெளிந்தால் மூடி தள்ளுபடி. மேஜை விளிம்பில் இறக்கையை லேசாகத் தட்டினால் கணீரென்று ஒரு சத்தம் வரும். உள்ளே குமிழ் இருந்தால் சத்தம் மொத்தென்று இருக்கும்.

கடைசியில் கந்தசாமி சாரின் தேக்குக் கட்டை. இறக்கையின் சரிவுக்கு ஏற்ப அவரே இழைத்துச் செய்தது. இறக்கையை அதன் மேல் கவிழ்த்து வைத்தால் நுனியிலிருந்து நுனி வரை கட்டையோடு படிய வேண்டும். ஒரு தாள் நுழைந்தாலும் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், துண்டை மெதுவாக இடது பக்கக் கூடையில் வைப்பார். எறிய மாட்டார்.

இறக்கைக்கு ஏன் இத்தனை பாடு என்று ஒரு நாள் கேட்டேன். இரண்டு வகை செட் செய்தோம். ஒன்று நம் விமானம், இன்னொன்று எதிராளியுடையது. இரண்டுக்கும் இறக்கை பின்னால் சாய்ந்திருக்கும். தூரத்தில் ஒன்றுபோலவே தெரியும். நம்முடையதற்கு இறக்கை முதுகோடு ஒட்டியிருக்கும், நுனி சற்றுக் கீழே சரியும். அவர்களுடையதற்கு வயிற்றோடு ஒட்டியிருக்கும், நுனி சற்று மேலே போகும். மாடியில் நிற்கிறவன் கண்ணுக்கு முதலில் படுவது இந்தச் சரிவுதான்.

"ஒட்டிப் பாத்தவன் மறக்க மாட்டானுங்க" என்றார். "கையில ஒருக்கா ஏறிருச்சுன்னா அவ்வளவுதான். கண்ணு அதுபோக்குல சொல்லீரும்."

பிறகு வெள்ளைக்காரன் காலத்துப் பெரிய யுத்தத்தில் தான் பார்த்த ஒன்றைச் சொன்னார். அவர் அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த பையன். காலையில் அவர் கையால் பூட்டி அனுப்பிய விமானம் மத்தியானம் திரும்பி வந்தபோது கீழேயிருந்து சுட்டுவிட்டார்கள்.

"எதிராளியா சார்?"

"நம்ம ஆளுங்களேதானுங்க. கீழ நின்னவன் பாத்த பார்வை அப்படி. விமானி உசுரோடதான் இருந்தாரு. நாந்தான் வெளிய இழுத்தேன். அப்புறம் அவரு பறக்கலைங்க." இதைச் சொல்லிவிட்டு மூடி ஒன்றை எடுத்துப் பேப்பர் மேல் வைத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டார். அதைப் பற்றி மறுபடி பேசவில்லை.

நிதானமாகத்தான் வேலை நடந்தது. சோப்பு டப்பாவுக்கு நடுவே இந்த வேலை, கொஞ்சம் கொஞ்சமாக. பெட்டிகள் சிறுகச் சிறுக அடுக்கில் ஏறின. அப்புறம் அறுபத்தைந்து ஆவணியில் எல்லையில் மறுபடி சண்டை மூண்டது. ராவுத்தர் கடையிலிருந்த ரேடியோவைப் பட்டறைக்கே கொண்டுவந்து வைத்தார். மூன்று வேளையும் அதைச் சுற்றி ஆட்கள். தந்தி வந்தது: மீதி செட்டுகள் எல்லாம் உடனே வேண்டும், லாரி அனுப்புகிறோம்.

தந்தி வந்த நாளிலிருந்து கந்தசாமி சார் உட்காரவே இல்லை. ஜன்னலுக்கும் மிஷினுக்கும் ரேடியோவுக்கும் நடந்துகொண்டே இருந்தார். சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே திரும்பக் கொண்டுபோனார். சோப்பு டப்பாவை நிறுத்திவிட்டு விமானம் மட்டும் ஓட்டினார்கள். துண்டுகள் குவிந்தன. என் முறைப்படி எல்லாம் பார்த்தேன். நகம் தட்டவில்லை, கட்டையில் படிந்தது, முத்திரை குத்தினேன். ஆனாலும் ஏதோ சரியில்லை என்று உறுத்தல். தட்டும்போது சத்தம் சரியாகத்தான் வந்தது. கையில் எடுக்கும்போது மட்டும் துண்டுகள் முன்பைவிட இளஞ்சூடாக இருந்தன.

லாரி வருவதாக இருந்த அன்று காலை செல்லையா கை தவறி ஓர் இறக்கையில் மிஷின் கிரீஸைத் தடவிவிட்டார். பூட்டுப் பட்டறைப் பழக்கம், மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து என்னிடம் நீட்டினார். வாங்கிய என் கையில் அது இருக்கும்போதே, இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் கிளம்பின. தலைமுடி மாதிரி, ஒன்றன்மேல் ஒன்றாக. லேசாக வளைத்தேன். படக்கென்று இரண்டானது.

"ஏ சரோசா, என்ன புள்ள செஞ்ச?"

"நான் ஒண்ணும் செய்யலண்ணே. மண்ணெண்ணெய் எங்க இருக்கு?"

தகரக் குவளையில் மண்ணெண்ணெய் ஊற்றி, பல வாரங்களுக்கு முன் செய்த இறக்கை ஒன்றை முக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. இந்த வாரத்து இறக்கையை முக்கினேன். கோடு கோடாக வெளுத்தது. இன்னொன்று. அதுவும். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உள்ளே ஆறுவதற்கு முன்பே அச்சைத் திறந்திருக்கிறார்கள். வெளிப்பார்வைக்கு இறுகியிருக்கிறது, உள்ளுக்குள் இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. வேறு சில இறக்கைகளைப் பெட்டியில் போட்டு, தகரக் கொட்டகையின் மேல் உச்சி வெயிலில் வைத்தேன். லாரியிலும் ரயில் பெட்டியிலும் இதே சூடுதானே இருக்கும். வெயில் தாழ்ந்ததும் இறக்கிக் கட்டையில் வைத்தபோது ஒன்றுகூடப் படியவில்லை. நம் விமானத்துக்குக் கீழே சரிய வேண்டிய நுனி மேலே எழும்பியிருந்தது.

செல்லையாவைத் தனியாகக் கூப்பிட்டேன். "ஏண்ணே, ஆறறதுக்குள்ள தெறந்தீங்களா?"

அவர் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் என்ன செய்ய? இம்புட்டு நேரம் புடிச்சிட்டு நிக்காதீங்க, செத்த நேரம் கொறைச்சு எடுங்கன்னு சொன்னதே பெரியவருதான். நீயே போயிக் கேளு."

பெரியவர் என்றால் கந்தசாமி சார். ஒரு தாள் இடுக்கில் நுழைந்தாலே கூடையில் போடுகிறவர்.

அதற்குள் லாரி வந்துவிட்டது. கூடவே பெட்டிகளை ஏற்றிக்கொள்ள வந்த குமாஸ்தா, வாசலில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டு அவசரப்படுத்தினார். நான் வெயிலில் வைத்த இறக்கைகளையும் தேக்குக் கட்டையையும் எடுத்துக்கொண்டு கந்தசாமி சாரிடம் போனேன். இறக்கையைக் கட்டை மேல் வைத்தேன். குனிந்து பார்த்தார்.

"எத்தனைங்க இப்படி?"

"இந்த வாரம் எடுத்தது எல்லாம் சார். நான் முத்திரை குத்தின பெட்டியையும் பிரிக்கணும்."

வாசலையும் ரேடியோவையும் மாறி மாறிப் பார்த்தார். "அனுப்பிப் போடலாமுங்க" என்றார்.

என் காதில் தவறாக விழுந்ததோ என்று நினைத்தேன்.

"சண்டை நடக்குதுங்க. அங்க மாடியில நிக்கறவனுக்கு விமானம்னா எப்படி இருக்கும்னே தெரியாது. உடம்பு சரியா இருக்குது, மூக்கு சரியா இருக்குது, வாலு சரியா இருக்குது. நுனி ஒண்ணுதானுங்க. அதை வாயில சொல்லிக் குடுத்துக்குவாங்க. ஒண்ணுமே இல்லாம வெறுங்கையோட நிக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் என்னை அலைக்கழித்தது. தப்பான மனிதர் தப்பாகச் சொன்னால் மறுப்பது சுலபம். ஆனாலும் சொன்னேன்.

"கையில ஒட்டினவன் மறக்க மாட்டான்னு சொன்னீங்களே சார். தப்பா ஒட்டினாலும் மறக்க மாட்டானில்ல? நுனி மேல போனது யாரோடது? நம்ம விமானம் வரும்போது அவன் அவங்க விமானம்னு சொல்லுவான்."

அவருடைய முகம் சிவந்தது. மேஜையில் ஓங்கி அடித்தார். மூடிகள் எல்லாம் உருண்டன.

"எனக்கே சொல்லிக் குடுக்கறயா நீ?"

பட்டறை அப்படியே நின்றுவிட்டது. அவர் யாரையும் 'நீ' என்று சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. கத்தியதுகூட எனக்குப் பெரிதாகப்படவில்லை. அந்த 'நீ' நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் வெளியே இழுத்த அந்த விமானியின் ஞாபகம் வந்திருக்கும், அதைத்தான் நான் எடுத்துக் குத்திவிட்டேன் என்று உடனே தெரிந்தது. சொன்னதைத் திரும்ப வாங்கவும் முடியாது.

"முத்திரையை எடு" என்று கையை நீட்டினார். முத்திரை இல்லாத பெட்டிகள் இன்னும் ஒரு அடுக்கு இருந்தன.

முத்திரையை எடுத்தேன். எடுத்து என் இடுப்பில், சேலைக் கொசுவத்தோடு செருகிக்கொண்டேன். நின்றேன். அவர் நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. பெண் பிள்ளையின் இடுப்பிலிருந்து பிடுங்குகிற மனிதர் அல்ல அவர். அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் செய்தேன்.

சத்தம் கேட்டு ராவுத்தர் ஓடி வந்தார். "என்னம்மா இது? வாசல்ல கவர்மெண்டு ஆளு நிக்கிறாரு. லாரி நிக்கிது."

இருவரும் சொன்னதைக் கேட்டார். உடைந்த இறக்கையைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவருக்கு இது முக்கியமான ஆர்டர், பிளாஸ்டிக்கில் கால் ஊன்றலாம் என்று நம்பியிருந்த ஆர்டர். குமாஸ்தாவிடம் போய், "சில பெட்டியில முத்திரை விட்டுப்போச்சு, அப்புடியே ஏத்திக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"முத்திரை இல்லாத பெட்டியை நான் ஏத்த முடியாதுங்க அய்யா. எம்மேல வந்துரும்."

நான் போய், முத்திரை குத்தியதிலேயே அந்த வாரத்துப் பெட்டிகள் எவை என்று காட்டினேன். அவற்றையும் தனியே இழுத்து வைத்தேன். அவசரத்தில் ஒரு பெட்டி சரிந்து விழுந்தது. செல்லையாதான் வந்து அடுக்கிக் கொடுத்தார். மிஞ்சிய பழைய பெட்டிகள் மட்டும் லாரியில் ஏறின. லாரியின் ஒரு மூலைகூட நிறையவில்லை. குமாஸ்தா தலையில் அடித்துக்கொண்டு போனார்.

மறுநாளே மறுபடி ஆரம்பித்தோம். கெட்டுப்போன துண்டுகளை நொறுக்கி ஓரமாகப் போட்டோம், புதுக் குருணையைக் கொட்டினோம். கந்தசாமி சார் மிஷின் பக்கத்திலேயே நின்றார். செல்லையா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்க, இவரும் கூடவே தன் கையை அதன் மேல் வைத்துக்கொண்டு, போதும் என்று தோன்றும்வரை விடாமல் நின்றார். கொத்துக்கு ஓர் இறக்கையை நான் மண்ணெண்ணெயில் முக்கிப் பார்த்தேன். என்னோடு அவர் பேசவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், "செல்லையா, அந்தக் கட்டையைக் கேளுங்க" என்பார். கட்டை என் முன்னால்தான் இருக்கும். எடுத்து நானே நேராக நீட்டுவேன். முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொள்வார். வேலை மட்டும் முன்பைவிடச் சுத்தமாக நடந்தது. அவர் பேசாததையே நினைத்துக்கொண்டு, பஸ்ஸில் ஊருக்குப் போகும்போது, இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய் இறங்கித் திரும்ப நடந்திருக்கிறேன்.

மீதிப் பெட்டிகள் தயாராகிக்கொண்டிருந்தபோதே ஒரு காலை ரேடியோவில் சண்டை நின்றுவிட்டது என்றார்கள். தெருவில் ஆட்கள் ஒருவருக்கொருவர் சர்க்கரை கொடுத்தார்கள். எங்கள் பட்டறையில் யாருக்கும் என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கொஞ்ச நாளில் மீதி செட்டுகள் தேவையில்லை என்று தகவல் வந்தது. நாங்கள் அத்தனை கவனமாகச் செய்த, நுனி சரியாகக் கீழே சரிந்த இறக்கைகள் அடுக்கிலேயே கிடந்தன. பிறகு ராவுத்தர் அவற்றைப் பள்ளிக்கூடங்களுக்குச் சும்மாவே கொடுத்துவிட்டார்.

என்னை அவர் திட்டவில்லை. ஒரு முறை மட்டும், சோப்பு டப்பா அச்சை மறுபடி மாட்டும்போது கேட்டார்: "ஏம்மா சரோஜா, நீ சொன்னதும் நியாயம், அவரு சொன்னதும் நியாயம்னா, தப்பு எம்மேலதானா?" நான் கொட்டகைக்குப் போய்க் குருணை மூட்டையைப் பிரித்தேன்.

செல்லையா அடுத்த வருடம் வேடசந்தூரிலேயே நூல் மில்லில் சேர்ந்துவிட்டார். "அங்க நூலு அறுந்தா கண்ணுக்குத் தெரியும், முடிச்சுப் போட்டுரலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். கந்தசாமி சார் அதற்கு முன்பே, விமான ஆர்டர் முடிந்த கையோடு, ஊரில் தோட்டத்தைப் பார்க்க ஆள் இல்லை என்று ராவுத்தரிடம் சொல்லிவிட்டு நின்றுகொண்டார். போகும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். என்னிடம் வந்தபோது தேக்குக் கட்டையை மேஜை மேல் வைத்தார். "போயிட்டு வாங்க சார்னு சொல்லுங்க" என்று பக்கத்திலிருந்த யாரோ எனக்கு எடுத்துக் கொடுத்தார்கள். நான் கட்டையை எடுத்து வடக்கு ஜன்னலோரம் வைத்தேன்.

அனுப்பியிருக்க வேண்டுமா என்ற கேள்வி என்னை விடவில்லை. எங்கோ ஒரு மாடியில், செட் வந்து சேராததால் வெறுங்கையோடு நின்ற ஆட்கள் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவன் தப்பாகச் சொல்லியிருக்கலாம். அப்படி எதுவும் நடந்ததாக நான் கேள்விப்படவில்லை. நடக்கவில்லை என்றும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் அனுப்பாதது யாரைக் காப்பாற்றியது, யாரைக் கைவிட்டது என்று அறிய ஒரு வழியும் இல்லை.

சில வருடம் கழித்துப் பழனிக்குப் போன சமயம், மனசு கேட்காமல் கந்தசாமி சாரைப் பார்க்க நெய்க்காரப்பட்டிக்கு பஸ் ஏறினேன். விசாரித்துப் போனதில் கரும்புக் காட்டை ஒட்டி வீடு. சட்டைக் கை அதே மடிப்பில் இருந்தது. என்னைப் பார்த்ததும் மண்வெட்டியை வைத்துவிட்டு வேகமாக வந்தார். "வாங்க, வாங்க. ஏனுங்க, தண்ணி கொண்டாங்க, திண்டுக்கல்லுல இருந்து வந்திருக்காங்க" என்று உள்ளே குரல் கொடுத்தார். அவருடைய மனைவி இளநீர் வெட்டிக் கொடுத்தார். ராவுத்தரைக் கேட்டார், செல்லையாவைக் கேட்டார், இப்போது என்ன மிஷின் என்று கேட்டார். மின்சாரத்தில் ஓடும் மிஷின் வந்திருக்கிறது என்றேன். எத்தனை நேரம் பிடிக்கிறது, யார் திறப்பது என்று துருவித் துருவிக் கேட்டார். அந்த நாளைப் பற்றி மட்டும் ஒரு பேச்சும் இல்லை. நானும் எடுக்கவில்லை.

பஸ் ஏற்றிவிட ரோடு வரை கூட வந்தார். பஸ் வந்து நின்று, நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு உங்களை 'நீ'ன்னு பேசிப்போட்டனுங்க. அது தப்புங்க."

"பரவால்ல சார்..."

"அந்தப் பெட்டிகளை அனுப்பியிருக்கோணும்னுதான் எனக்கு இன்னமும் தோணுதுங்க. அதுல எனக்கு மாத்தமில்ல. ஆனா உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க."

பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. அவரைத் தேடிக்கொண்டு அத்தனை தூரம் போனது மன்னிப்புக் கேட்கவா, அவரை மன்னிப்புக் கேட்க வைக்கவா என்று எனக்கே அதுவரை தெரிந்திருக்கவில்லை. தலையை வெளியே நீட்டி, "அனுப்பியிருக்கக் கூடாது சார்!" என்று உரக்கச் சொன்னேன். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்று ஆட்டினாரா, இல்லை என்று ஆட்டினாரா, பஸ் கிளப்பிய புழுதியில் தெரியவில்லை.